ஊசித் துளையை அடைத்தவள்

பீங்கான் பொம்மை எதையாவது கையில் எடுத்து அதன் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு ஊசி நுழையும் அளவுக்கு அங்கே துளை இருக்கும். வாங்குகிறவர்கள் பலர் அதைக் குறை என்று நினைத்து வேறொன்றைக் கேட்பார்கள். பொம்மையின் உள்ளே வெறும் வெளிதான். நெருப்பில் வைக்கும்போது அந்த வெளியில் நிற்கும் காற்றும் ஈரமும் வெளியேற வழி வேண்டும். வழியில்லாவிட்டால் பொம்மை வெடிக்கும். தனியாகவும் வெடிக்காது, பக்கத்தில் நிற்பதையும் சேர்த்துக்கொண்டு போகும். இதை நான் கற்றது இருபத்துமூன்று வயதில். இருபத்தைந்தில் அதைப் பயன்படுத்தினேன்.

நாங்கள் இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில் தறி வைத்திருந்த குடும்பம். வாப்பா மவுத்தாகி, தகப்பன் இல்லாத வீட்டில் உம்மாவும் நானும் மூன்று தறிகளை ஓட்டினோம். எழுபத்தெட்டுச் சூறாவளி கூரையைப் பிடுங்கி எறிந்து, தறிகளின் மேல் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனது. அதன் பிறகு உம்மா அயல் வீடுகளின் தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்தார். நான் வேலை தேடினேன்.

கல்முனையில் பீங்கான் கடை வைத்திருந்த ஒருவர் அப்போது புதிதாக ஒரு பட்டறை திறந்தார். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் என்பதால் எல்லோரும் அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலில் வந்திறங்கிய பூச்சாடிகளும் அன்னங்களும் கடையில் ஒரு வாரம்கூட நிற்காமல் விற்றுப்போவதைப் பார்த்து, இதை நாமே செய்தால் என்ன என்று யோசித்தவர். நற்பிட்டிமுனைப் பாதையில், வயலைப் பார்த்தபடி மூடிக் கிடந்த ஒரு நெல் மில்லை எடுத்து, தென்பகுதியிலிருந்து ஒரு சிங்களக் கைவினைஞரை மூன்று மாதத்துக்குக் கூட்டி வந்து, என்னோடு சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பெண்களுக்குத் தொழில் பழக்கினார். பள்ளிவாசலில் இருந்து மரைக்காயர்மார் வந்து விசாரித்தார்கள். எங்கள் ஊர்களில் குடிக்கு, அதாவது ஒவ்வொரு வம்சத்துக்கும், ஒருவராகப் பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கிறவர்கள் அவர்கள். உருவம் செய்வது மார்க்கத்துக்கு ஆகாது என்பது அவர்கள் கவலை.

"பூவும் கிளியும் மட்டுந்தான். மனுச உருவம் என்ட பட்டறையில ஒரு நாளும் வராது" என்று ஹாஜியார் அவர்களுக்கு வாக்குக் கொடுத்தார். நான் அப்போது வாசலில் களி துடைக்கும் கடற்பஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தேன். என் காதால் கேட்டேன்.

தொழில் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. வெண்களியையும் அரைத்த கற்பொடிகளையும் தண்ணீரோடு கலந்து, உருளும் பீப்பாய்க்குள் கூழாங்கற்களோடு போட்டு மணிக்கணக்கில் சுற்றவிடுவார்கள். வரும்போது ஆடை எடுத்த பால்போல இருக்கும். அந்தக் கூழைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க அச்சின் சுவரில் கூழ் தோலாகப் படியும். தோல் போதிய தடிப்பு வந்ததும் மிச்சத்தைத் திரும்ப வடித்துவிட வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் தோல் அச்சிலேயே கிழியும். பிந்தினால் பொம்மை கனத்துவிடும். தலை ஓர் அச்சு, உடல் ஓர் அச்சு, சிறகு ஒவ்வொன்றும் ஓர் அச்சு. எல்லாவற்றையும் ஈரம் ஒத்திருக்கும் நேரத்தில் கூழாலேயே ஒட்டி, தையலைக் கத்தியால் சீவி, பஞ்சால் துடைத்து, கடைசியாக அடியில் ஊசியால் துளை போட வேண்டும். பூக்களுக்கு அச்சே கிடையாது. உள்ளங்கையில் எண்ணெய் தடவி, களியைப் பயறளவு கிள்ளி வைத்துப் பெருவிரலால் நசுக்கினால் ஓர் இதழ். அறுந்த நூலை முடிந்து பழகிய விரலுக்கு இதெல்லாம் பாரமாகத் தெரியவில்லை. ஒரு வருடத்துக்குள் சீவித் துடைக்கும் மேசைக்கு என்னைப் பொறுப்பாக வைத்தார்கள்.

நெருப்புக்குப் பொறுப்பு பாண்டிருப்பைச் சேர்ந்த, வெளியூர்ச் சூளைகளில் ஏழெட்டு வருடம் நின்று வந்த ஒரு தமிழர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்போம். பட்டறைச் சூளையைப் பாண் ரொட்டி சுடும் போறணையின் பெயராலேயே போறணை என்றுதான் சொல்வோம். அண்ணன் அதை மெல்ல மெல்லச் சூடேற்றுவார். முதல் சுடுதலில் அவசரப்பட்டால் எல்லாம் வெடிக்கும் என்பார். சிறு கண்ணாடித் துளை வழியே உள்ளே பார்த்து, சூட்டை அளக்க வைத்திருக்கும் சிறு களிக் கூம்பு வளையத் தொடங்கியதும் எரியெண்ணெயைக் குறைப்பார். அவர் கையால் ஒரு சாமான் வெடித்ததாக யாரும் சொன்னதில்லை.

இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் ஹாஜியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"புள்ள, கொழும்பு ஆக்களுக்குப் பூ அலுத்துப் போச்சாம். மனுச உருவம் கேக்காங்க. நம்மட ஊர் ஆக்கள் வேல செய்யிற மாதிரி. உன்னால ஏலுமா?"

"பள்ளிவாசல்ல கேட்டா?"

"பெட்டிக்குள்ள வச்சு ஆணி அடிச்சா பூவும் ஒண்டுதான், பொம்மையும் ஒண்டுதான். ஆருக்குத் தெரியும்?"

நான் உம்மாவைச் செய்தேன். ராட்டினத்துக்கு முன்னால் ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி, இடது கையில் நூலும் வலது கையில் பிடியுமாக இருக்கும் உம்மா. களியில் அதைப் பிடிக்க எனக்குப் பதினேழு நாள் எடுத்தது. பீங்கான் நெருப்பில் ஏழில் ஒரு பங்கு சுருங்கும், அதனால் எல்லாவற்றையும் பெரிதாகச் செய்ய வேண்டும். நெருப்பில் அது இளகும், அதனால் நீட்டிய கை தொங்கிவிடாமல் அதே களியில் முண்டு கொடுக்க வேண்டும். முக்காட்டின் மடிப்பில் மூன்று நாள் நின்றேன். அதிலிருந்து அச்சு எடுத்து வார்த்த முதல் பொம்மை சுட்டு வந்ததும், மணிக்கட்டில் கீறல் விழுந்ததென்று ஒதுக்கிய இன்னொன்றைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

உம்மா தொடவில்லை.

"இதென்ன புள்ள, என்னையா செஞ்சிருக்காய்? மறுமையில இதுக்கு உசிர் குடு எண்டு கேட்டா என்னத்தச் சொல்லுவாய்?"

"நீங்க வந்து எனக்காகக் கதைங்க" என்று சிரித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு விரலால் பொம்மையின் முதுகைத் தடவினார். "என்ட முதுகு இப்பிடியா கூனிப் போச்சு?" என்று கேட்டார். பிறகு அதை அலுமாரியில் துணிகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினார்.

கொழும்பு வியாபாரி அந்தப் பொம்மையைப் பார்த்துவிட்டு, செய்தவரை அனுப்பச் சொன்னாராம். பெரிய தொழிற்சாலை ஒன்றில் ஆறு மாதம் பயிற்சி, பிறகு அங்கேயே உருவம் வடிக்கும் வேலை. எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. ஹாஜியாரின் மருமகன் கொழும்புக்குப் போனார், வந்தார், திரும்பவும் போனார். அவர் களியைக் கையால் தொட்டதை நாங்கள் யாரும் கண்டதில்லை. ஒரு நாள் ஹாஜியார் இருந்து கணக்குப் பார்க்கும் கந்தோர் அறைக்குப் புதுக் கத்தி வாங்கப் போனேன். சுவரில் ஒரு சான்றிதழ் கண்ணாடிக்குள் தொங்கியது. நூல் சுற்றும் பெண்ணை வடிவமைத்தவர் என்று அதில் மருமகனின் பெயர்.

"ஹாஜியார், அது நான் செஞ்சது" என்றேன்.

"ஓம் புள்ள, நீதான் செஞ்ச. இல்லையெண்டு ஆரு சொன்ன? குமர்ப்புள்ளையக் கொழும்புக்கு அனுப்பேலுமா? மருமகன் போனா நம்மட பட்டறை போன மாதிரி."

"பேரையாவது போட்டிருக்கலாமே."

"பேரு உனக்கு என்னத்துக்கு? பொம்ம செஞ்சவளெண்டு ஊர் சொல்லவா?"

"அப்ப கொழும்பு ஆளுக்கு நானே கடிதம் போடுறன்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் மாறவே இல்லை. "போய் வேலயப் பாரு மகள்" என்றார், அன்பாகவே.

அந்த நாட்களில் எனக்குச் சாய்ந்தமருதில் ஒரு கலியாணம் பேசியிருந்தார்கள். நாள் குறிப்பதுதான் பாக்கி. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இருவர், பெண் வேலை செய்யும் இடத்தில் விசாரிப்பது வழக்கம் என்று ஹாஜியார் வீட்டுக்குப் போனார்கள். அவர் என்னைப் புகழ்ந்தாராம். "கைவேல அபாரம். நேரம் காலம் பாக்காம பட்டறையில நிப்பா. ஆம்புளயள் இரிக்காங்க எண்டெல்லாம் பாக்கவே மாட்டா." அவ்வளவுதான் சொன்னார். ஏழு நாள் கழித்து, அடுத்த கிழமை, அவர்கள் "கொஞ்சம் பொறுப்பம்" என்று ஆள் அனுப்பினார்கள். உம்மா மூன்று நாள் ராட்டினத்தைத் தொடவில்லை.

நான் அழவில்லை. அழுதால் ஆறிவிடும் என்று பயந்தேன். அடுத்த நாளும் வேலைக்குப் போனேன். எட்டு மாதம் ஹாஜியாரைக் கண்டால் எழும்பி நின்றேன், ஸலாம் சொன்னேன், சிரித்தேன். அவர் என்னை மறந்து போகும்வரை சிரித்தேன். சுவரில் தொங்கிய சான்றிதழை ஒவ்வொரு காலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன், சூடு தணியாமல் இருக்க.

பிறகு அந்தச் சந்தர்ப்பம் வந்தது. வெளிநாட்டு வியாபாரிகள் கொழும்புக்கு வருகிறார்கள், நூல் சுற்றும் பெண் நாற்பது வேண்டும், மருமகன் கொண்டுபோய்க் காட்டுவார் என்றார்கள். பட்டறை முழுக்க அதே வேலையானது. நாற்பதும் என் மேசையில்தான் சீவித் துடைக்கப்பட்டன. நாற்பதுக்கும் நான்தான் துளை போட்டேன்.

போறணையில் அடுக்கும் நாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் எல்லோரும் எழும்பிப் போனார்கள். நான் மட்டும் இருந்தேன். பொம்மைகளில் ஈரம் இன்னும் முழுதாக வற்றவில்லை. கூழில் விரல் நுனியைத் தொட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பி, துளையை அடைத்து, பஞ்சால் ஒரு தடவை இழுத்தேன். முதல் ஐந்தாறை அடைக்க நேரம் பிடித்தது. பிறகு விரல் தானாக ஓடியது. அப்படி ஓடியதில் எனக்கு ஒரு சந்தோசமும் இருந்தது, அதை மறைப்பதில் பயனில்லை. போறணையின் மேல் தட்டில் என்னோடு வேலை செய்த ஒரு விதவைப் பெண் மூன்று கிழமையாகச் செய்த ரோசாக்கள் வரப்போவது எனக்குத் தெரியும். வெடிப்பு மேலே போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அண்ணன் நெருப்பை மூட்டினார். பத்து மணிபோல் முதல் சத்தம் கேட்டது. கதவுக்குப் பின்னால் யாரோ தேங்காயை உடைத்ததுபோல. பிறகு இன்னொன்று. பிறகு மண்சட்டியில் நெல் பொரிவதுபோல வரிசையாக. அண்ணன் ஓடிப்போய் எரியெண்ணெயை நிறுத்தினார். பெண்கள் வெளியே ஓடினார்கள். நான் ஒரு கிளியின் வாலைத் துடைத்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளுக்குள் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஹாஜியார் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆறிய பிறகு கதவைத் திறந்தார்கள். கீழே வெள்ளைச் சில்லு. தட்டுகளைத் தாங்கிய முண்டுகள் உடைந்து மேல் தட்டும் விழுந்திருந்தது. ரோசா ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

ஹாஜியார் நேராக அண்ணனிடம் போனார்.

"என்ன அவசரத்துக்குத் தீய ஏத்தின நீ?"

"நான் ஏத்தல்ல ஹாஜியார். வழமையப் போலதான்."

"நீ ஏத்தாம எப்பிடி வெடிக்கும்? என்ட பேரையே அழிச்சிட்டாய். வெளிய போ. இந்தப் பக்கம் வராத."

நான் எதிர்பார்த்தது மருமகன் வெறுங்கையோடு கொழும்பில் நிற்பதை. அதுவும் நடந்தது, வியாபாரிகள் போய்விட்டார்கள். ஆனால் இப்படி ஒன்று நடக்கும் என்று நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. எட்டு மாதம் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. அண்ணன் குனிந்து ஒரு சில்லை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், சட்டைப் பைக்குள் போட்டார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பட்டறை பூட்டு. மருதமுனையிலிருந்து நடந்து பாண்டிருப்புக்குப் போய், அவர் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவர் மனைவி பாய் போட்டார். அண்ணன் வாசலில் சைக்கிள் சக்கரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். எழும்பவில்லை.

"அண்ணன், ஒரு விசயம் கதைக்க வந்த நான்."

அவர் உள்ளே போய் அந்தப் பீங்கான் துண்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பொம்மையின் அடிப்பக்கம். துளை இருக்க வேண்டிய இடத்தில் கூழ் அடைத்துச் சுட்டிருந்தது.

"இதத்தானே?"

"ஓம்."

"அங்கயே தெரியும் எனக்கு."

"பிறகேன் அங்க காட்டல்ல?"

"காட்டியிருந்தா உன்ன என்ன செய்வாங்கள் எண்டும் தெரியும். நான் அவ்வளவுக்குக் கெட்டவன் இல்ல. நீ கெட்டவள்."

அவர் மனைவி "என்ன கதை இது, வீட்டுக்கு வந்த புள்ளையிட்ட" என்றார். அவர் கேட்கவில்லை.

"ஹாஜியாரோட எனக்கு..." என்று தொடங்கினேன்.

"தெரியும். எல்லாருக்கும் தெரியும். அது உனக்கும் அவருக்கும் உள்ளது. நீ மூட்டின நெருப்பில எரிஞ்சது ஆரு? பத்து வருசம் போறணைக்கு முன்னால நிண்டவன் நான். என்ட கையால ஒண்டும் வெடிச்சதில்ல. இனி எவன் என்னக் கூப்பிடுவான்?"

"எல்லாருக்கு முன்னாலயும் நான் சொல்லுறன்."

"சொல்லு. சொன்னாலும் உன்ன மன்னிக்க மாட்டன். அத இப்பவே சொல்லிப் போட்டன்."

வரும் வழியில் எனக்குக் கோபம் தணியவில்லை, இரட்டிப்பானது. ஹாஜியாரிடம் தொடங்கியது என்னையும் சுற்றிக்கொண்டுவிட்டது. ஆனால் நடந்துகொண்டிருந்தபோதுதான் ஒன்று புரிந்தது. பேரு உனக்கு என்னத்துக்கு, பொம்மை செய்தவள் என்று ஊர் சொல்லவா என்று அவர் கேட்டாரே. ஊர் சொல்லட்டும். அவரே சொல்லட்டும்.

உம்மாவின் தம்பி, என் மாமா, அடுத்த கிழமை மரைக்காயர்மாரிடம் முறைப்பாடு வைத்தார். குமர்ப்பிள்ளையைப் பற்றித் தப்பாகக் கதைத்துக் கலியாணத்தைக் குழப்பிய வழக்கு. ஹாஜியார் குடியில் மரைக்காயர் இடம் ஒன்று அப்போது வெறுமையாக இருந்தது. அதை மருமகனுக்கு எடுத்துக்கொடுக்க அவர் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த காலம். அதனால் தட்டிக்கழிக்காமல் வந்தார்.

மூத்த மரைக்காயர் வீட்டு மண்டபத்தில் கூட்டம். ஆண்கள் கதிரைகளில். நானும் உம்மாவும் உள்வாசல் சேலைத் திரைக்குப் பின்னால். என்னை யாரும் பார்க்க முடியாது, என் சத்தம் மட்டும் போகும். ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் புகழ்ந்துதான் சொன்னதாகவும், கேட்டவர்கள் பிழையாக விளங்கிக்கொண்டதாகவும் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள்.

"மகள், நீ என்ன சொல்லுறாய்?" என்று மூத்தவர் கேட்டார்.

"முதல்ல ஒரு விசயம். போறணை வெடிச்சது பாண்டிருப்பு அண்ணனால இல்ல. துளைய அடைச்சது நான். நாப்பதையும்."

மண்டபம் இரைந்தது. உம்மா என் கையை நசுக்கிப் பிடித்தார். ஹாஜியார் எழும்பிவிட்டார்.

"கேட்டீங்களா? வாயாலயே சொல்லுறா! எனக்கு எவ்வளவு நட்டம்!"

"நட்டத்துக்கு நான் பொறுப்பு" என்றேன். "ஆனா என்னத்த உடைச்சன் எண்டு சபைக்குத் தெரியணும்தானே?" மாமாவிடம் துணிப்பொதியைத் திரைக்கு அடியால் நீட்டினேன். உம்மா அலுமாரியில் பூட்டியிருந்த, மணிக்கட்டில் கீறல் விழுந்த அந்தப் பொம்மை. மாமா அவிழ்த்து மேசையில் வைத்தார்.

மூத்தவர் குனிந்து அதைப் பார்த்தார். "ஹாஜியார், பூவும் கிளியும் எண்டுதானே எங்களுக்கு வாக்குத் தந்தீங்க?"

மூத்தவர் பொம்மையைத் தன் பக்கம் திருப்பினார்.

"இத ஆரு செஞ்ச?"

நான் திரையின் ஓரத்தால் பார்த்தேன். ஹாஜியார் மருமகனைப் பார்த்தார். மருமகன் நிலத்தைப் பார்த்தார். மருமகன் செய்தார் என்றால் மரைக்காயர் இடம் போய்விடும், உருவம் செய்தவன் பள்ளிவாசல் காரியம் பார்க்க முடியாது. யாரும் செய்யவில்லை என்றால் கந்தோர்ச் சுவரில் சான்றிதழ் தொங்குகிறது.

"அவள்தான் செஞ்ச" என்றார் ஹாஜியார்.

"விளங்கல்ல" என்றேன் திரைக்குப் பின்னாலிருந்து. "பலமாச் சொல்லுங்க."

"நீதான் செஞ்ச! முழுக்க நீதான் செஞ்ச! மருமகன் தொடவே இல்ல!"

அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லத் தெரியவில்லை. உருவம் செய்ததற்கு நான் தவ்பா செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள், ஓம் என்றேன். உடைத்ததற்கு ஈடாக ஆறு மாதம் பட்டறையில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்றார்கள், அதற்கும் ஓம் என்றேன். ஆனால் ஹாஜியார் என்னை வாசலில்கூட ஏற விடவில்லை. விதவைப் பெண்ணின் அந்த மூன்று கிழமை வேலையை, திண்ணைகூட இல்லாத அவள் கொட்டிலுக்குள் இருந்து, அவளோடு சேர்ந்து திரும்பச் செய்து கொடுத்தேன். அவள் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. சான்றிதழ் சுவரில் இருந்து இறங்கியதாக அவள்தான் சொன்னாள். மரைக்காயர் இடம் வேறொருவருக்குப் போனது.

சாய்ந்தமருது வீட்டார் திரும்பவும் ஆள் அனுப்பினார்கள், எல்லாம் தெளிந்துவிட்டதென்று. "நேரம் காலம் பாக்காம நிண்டவள் உங்களுக்கு வேணாம் எண்டு சொல்லி அனுப்புங்க உம்மா" என்றேன். உம்மா அப்படியே சொன்னார், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். பிறகு நான் ஒரு தறி வாங்கி, ஆண்கள் உடுக்கும் சாரம் நெய்து, சில வருடங்கள் கழித்து எங்கள் ஊரிலேயே கலியாணம் முடித்தேன்.

அண்ணனைத் திரும்ப வரச் சொல்லி ஹாஜியார் ஆள் அனுப்பினார். அவர் போகவில்லை. ஒரு பேக்கரியில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே கலவரம் வந்து பாதைகள் மூடிக் கிடந்த காலத்துக்குப் பிறகு ஒரு தடவை அவரைக் கல்முனைச் சந்தையில் கண்டேன். மரக்கறிக் கடைக்கு அந்தப் பக்கம் நின்றார். "அண்ணன்" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார், என்னை அடையாளம் கண்டார், பையைத் தூக்கிக்கொண்டு போனார். அவருக்கு அந்த உரிமை இருந்தது. சொன்னதைச் செய்கிற மனிதர்.

எண்பதுகளின் கடைசியில் ஹாஜியார் படுக்கையில் விழுந்தார். பட்டறை அதற்கு முன்னமே மூடியாயிற்று. எங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு மவுத்து நெருங்கினால், அவர் யாருக்கு அநியாயம் செய்தாரோ அவர்களிடம் வீட்டார் போய், ஹலாலாக்கித் தரும்படி, அதாவது பொறுத்துக்கொள்ளும்படி கேட்பார்கள். மனிதன் பொறுக்காததை அல்லாஹ்வும் பொறுக்க மாட்டான் என்று சொல்வார்கள். அவருடைய மகள், அந்த மருமகனின் மனைவி, ஒரு மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு என் வீட்டுக்கு வந்தார். என் வயதுதான், ஆனாலும் அக்கா முறை வைத்து ராத்தா என்றுதான் கூப்பிட்டார். நான் பாய் விரித்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"ராத்தா, வாப்பாக்கு மூச்சு இழுக்குது. உங்கட பேரச் சொல்லுறாரு. ஹலாலாக்குங்க."

ஹாஜியார் என் பெயரைச் சொல்கிறார் என்பதை நான் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். மகள் திரும்பவும் சொன்னார்.

"தேத்தண்ணியக் குடிங்க" என்றேன். "ஆறிப்போகும். அத மட்டும் என்னட்ட கேக்காதீங்க."

அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தேன். கோப்பையை வாங்கி வைத்தேன். முக்காட்டைச் சரி செய்துகொண்டு அவர் எழும்பினார், நான் வேலிக் கடப்புவரை கூடப் போய் வழியனுப்பிவிட்டுத் தறிக்குத் திரும்பினேன்.